உலகிற்கு ஒரு கடிகாரம் வகுத்த பொறியாளர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

காலம் பொன் போன்றது என்பது தொடக்கப் பள்ளிச் சுவரிலேயே நாம் படித்துவிட்ட பாடம். பொன்னை நிறுக்க உலகெங்கும் ஒரே கிராம்தான். அதுபோலக் காலத்தைக் குறிக்க உலகெங்கும் ஒரே கணக்கு உண்டா? இக்கேள்வியை நான் இருபதாவது வயதில்தான் கேட்டேன். அதுவும் நானாகக் கேட்டதன்று. நான் செய்த ஒரு தவறு கேட்க வைத்தது. அத்தவறில் தொடங்கி, 1915ஆம் ஆண்டில் மறைந்த ஒரு பொறியாளரின் வாழ்க்கை வரலாற்றில் நான் போய்ச் சேர்ந்தேன். அவ்வரலாற்றைச் சக மாணவ நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொலைந்துபோன 23 நிமிடங்கள்

எங்கள் துறை மன்றம் நடத்திய வினாடி வினாப் போட்டிக்குப் பெயர் பதிவு செய்ய ஒரு சிறு நிரல் எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. பைத்தான் மொழியில் எழுதினேன். குறித்த நாளில் காலை 10 மணிக்குப் பதிவு தானாகவே முடிந்துவிட வேண்டும். நிரல் நன்றாக ஓடுகிறது என்று எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டாயிற்று.

அந்த நாளும் வந்தது. வீட்டில் இணைய வசதி இல்லாத முதலாண்டு மாணவ மாணவியர் பதினொரு பேர், 9.40 மணிப் பேருந்தில் வந்து இறங்கி, நேரே கணிப்பொறி ஆய்வகத்திற்கு ஓடி வந்தார்கள். பதிவு முடிந்துவிட்டது என்று திரை சொன்னது. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஆகக் கால் மணி நேரத்திற்கு மேல் இருந்தது. பதிவேட்டைத் திறந்து பார்த்தால், என் நிரல் 9.37க்கே கதவைச் சாத்தியிருக்கிறது!

உடனே ஒரு தாளை எடுத்துப் பெயர்களை எழுதத் தொடங்கினோம். ஆனால் அதற்குள் நால்வர் வகுப்பிற்குப் போய்விட்டார்கள். கணிப்பொறி சொன்னால் சரியாகத்தான் இருக்கும், தாமதமாக வந்தது தாங்கள்தாம் என்று எண்ணி ஒன்றும் கேளாமல் போனவர்கள் அவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எந்தச் சன்னலில் எது மறுக்கப்பட்டாலும் பிழை நம்முடையதாகத்தான் இருக்கும் என்று திரும்பி விடும் பழக்கம் எனக்கும் உண்டு. ஆகவே அந்த நால்வரின் முகம் என்னை மிகவும் வருத்தியது.

குறைவது 23 நிமிடங்கள்தானே, கணக்கில் 23ஐக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று முடிவு செய்து எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 23 எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதைக் கூட்டக் கூடாது என்றும், காரணத்தைக் கண்டுபிடித்த பின் வருமாறும் கூறிவிட்டார். அந்த 23 நிமிடங்களைத் தேடிச் சென்ற வழியில்தான் சர் சாண்ட்போர்டு பிளெமிங் என்னும் பெருந்தகையைச் சந்தித்தேன். விடையைப் பின்னர் கூறுகிறேன். முதலில் அவர் பிறந்த காலத்தில் கடிகாரங்கள் எப்படி இருந்தன என்று பார்ப்போம்.

ஊருக்கு ஒரு நண்பகல்

என் பாட்டி கடிகாரம் பார்த்து அறியாதவர். தம் நிழல் காலடியில் ஒடுங்கினால் உச்சிப் பொழுது. உலை வைக்க வேண்டும். நிழல் வாசற்படியைத் தாண்டினால் ஆடுகளை ஓட்டி வர வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் உலகமே ஏறத்தாழ இப்படித்தான் வாழ்ந்தது. கடிகாரங்கள் இருந்தன. ஆனால் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் உச்சிக்கு வரும் பொழுதையே பகல் 12 மணி என்று கொண்டது.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே கிழக்கே உள்ள ஊரில் நண்பகல் முன்னதாகவும் மேற்கே உள்ள ஊரில் பின்னதாகவும் வரும். சென்னையில் உச்சிப் பொழுது ஆகும்போது கல்கத்தாவில் அது கடந்து ஏறத்தாழ 32 நிமிடம் ஆகியிருக்கும்; பம்பாயில் இன்னும் 30 நிமிடம் போக வேண்டும். மாட்டு வண்டியில் பயணம் செய்தவரை இவ்வேறுபாடு எவரையும் துன்புறுத்தவில்லை. இரயில் வந்தது, துன்பமும் உடன் வந்தது. ஒரே இருப்புப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகள் வெவ்வேறு கடிகாரத்தை நம்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. இங்கிலாந்தின் இரயில் நிறுவனங்கள் 1840களிலேயே இலண்டன் நேரத்திற்கு மாறிவிட்டன. ஆனால் கிழக்கு மேற்காகப் பல்லாயிரம் கிலோமீட்டர் விரிந்து கிடக்கும் வட அமெரிக்கக் கண்டத்திற்கு ஒரே ஊரின் நேரம் எப்படிப் பொருந்தும்? அங்கே 1880களின் தொடக்கத்தில்கூட இரயில் நிறுவனங்கள் ஐம்பது வகை நேரங்களைக் கையாண்டு வந்தன.

இச்சிக்கலை அவிழ்க்க முனைந்தவர்களுள் தலையாயவரே நம் கட்டுரைத் தலைவர்.

பிறப்பும் இளமையும்

சாண்ட்போர்டு பிளெமிங் 1827ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிர்கோடி என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்போடு ஏட்டுக் கல்வி முடிந்தது. கல்லூரி வாயிலை அவர் மாணவராக மிதித்ததில்லை. ஜான் சாங் என்னும் பொறியாளரிடம் தொழில் பழகுநராகச் சேர்ந்து, நில அளவையும் வரைபடம் வரைதலும் கற்றுக்கொண்டார். நாள்தோறும் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் இளமையிலேயே தொடங்கி முதுமை வரை அவரை விட்டு நீங்கவில்லை.

1845ஆம் ஆண்டு, 18 வயதில், தம் அண்ணன் டேவிட்டுடன் கப்பலேறிக் கனடா சென்றார். அக்காலக் கனடாவில் இருப்புப் பாதைகள் மிகச் சிலவே; பொறியாளருக்கு வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. இளைஞர் பிளெமிங் மனந்தளரவில்லை. பீட்டர்பரோ முதலிய ஊர்களின் வரைபடங்களைத் தாமே வரைந்து, கல்லச்சில் அச்சிட்டு, விற்றுப் பிழைத்தார். 1849இல் நில அளவையாளராகத் தகுதி பெற்றார். அதே ஆண்டு மாண்ட்ரியல் நகரில் கலகக்காரர்கள் நாடாளுமன்றக் கட்டடத்திற்குத் தீ வைத்தபோது, எரியும் மாளிகைக்குள் புகுந்து விக்டோரியா அரசியின் பெரிய ஓவியத்தை வெளியே கொணர்ந்தவர்களுள் இவரும் ஒருவர்.

கனடாக் கழகம் என்னும் அறிவியல் சங்கம் 1849இல் டொராண்டோவில் தோன்றக் காரணமானவர்களுள் பிளெமிங் முதன்மையானவர். 1851இல் கனடாவின் முதல் அஞ்சல் தலை வெளிவந்தது. அணை கட்டும் நீர்வாழ் விலங்கான பீவர் அதில் இடம்பெற்றது. அதை வரைந்து தந்தவரும் பிளெமிங்கே. அரசர் படமோ அரசியர் படமோ இன்றி, உழைக்கும் ஒரு விலங்கின் படத்தைத் தேர்ந்தெடுத்ததில் அவர்தம் மனப்போக்கை நாம் அறியலாம்.

இருப்புப் பாதைப் பொறியாளர்

1855ஆம் ஆண்டில் ஜீன் ஹால் என்னும் மங்கையை மணந்தார். அதே காலத்தில் வடக்கு இரயில்வேயின் பொறியாளராக உயர்ந்தார். பின்னர் கனடாவின் கிழக்கு மாநிலங்களை இணைக்கும் இண்டர்கலோனியல் இரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஆனார். பாலங்களை மரத்தால் கட்டினால் செலவு குறையும் என்று மேலிடத்தார் வற்புறுத்தினார்கள். மரம் எரியும், உளுக்கும். இரும்பே வேண்டும் என்று பிளெமிங் விடாது போராடி வென்றார். சிக்கனம் என்று கருதி இன்று செய்யும் குறுக்கு வழி, நாளை பெருஞ்செலவாய் முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1876ஆம் ஆண்டு அப்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது.

இதற்கிடையே 1871இல், அட்லாண்டிக் கடலையும் பசிபிக் கடலையும் இணைக்கவிருந்த கனடிய பசிபிக் பாதைக்கு வழி ஆராயும் பெரும்பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1872இல் தம் குழுவினருடன் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை, குதிரையிலும் படகிலும் கால்நடையாகவும், மூன்று மாதங்களுக்கு மேல் பயணம் செய்தார். மேற்கே செல்லச் செல்லக் கடிகாரத்தை ஊருக்கு ஊர் திருத்த வேண்டிய நாடு அது. நேரச் சிக்கலை ஏட்டில் படித்து அறியாமல், நடந்து அறிந்தவர் பிளெமிங்.

தவறிய இரயில்

1876ஆம் ஆண்டு கோடைக் காலம். பிளெமிங் அயர்லாந்து நாட்டில் பயணம் செய்துகொண்டிருந்தார். பண்டோரன் என்னும் சிற்றூர் நிலையத்தில் மாலை 5.35க்கு வண்டி என்று அச்சிட்ட கால அட்டவணை சொன்னது. முன்னதாகவே சென்று காத்திருந்தார். வண்டி வரவில்லை. விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அது காலை 5.35 வண்டி, அச்சில் முற்பகல் என்பதற்குப் பிற்பகல் என்று ஓரெழுத்து மாறிவிட்டது. இரவு முழுவதும் அந்த நிலையத்திலேயே அவர் தங்க நேர்ந்தது.

நாமாக இருந்தால் நிலைய அதிகாரியோடு சண்டையிட்டு, அட்டவணையில் அந்த ஓரெழுத்தைத் திருத்தச் சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் ஏறியிருப்போம். பிளெமிங்கின் சிந்தனை வேறு வழியில் சென்றது. ஒரு நாளுக்கு 24 மணி நேரம் இருக்க, ஏன் 12 வரை எண்ணிவிட்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்? 0 முதல் 24 வரை எண்ணினால் 5.35 வேறு, 17.35 வேறு; எழுத்து மாறினாலும் குழப்பம் வராது அன்றோ! அங்கிருந்து அவர் சிந்தனை விரிந்தது. ஊருக்கு ஊர் நேரம் ஏன்? உலகம் முழுவதற்கும் ஒரே ஒரு நேரம் வைத்துக்கொண்டு, பூமியை 15 பாகை வீதம் 24 மண்டலங்களாகப் பிரித்தால் என்ன?

அவர் திட்டம் இதுதான். பூமியின் நடுவே ஒரு கடிகாரம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அது காட்டும் நேரம் எந்த ஊருக்கும் சொந்தமன்று. எல்லா ஊருக்கும் பொது. அதனைப் பின்னர் அண்ட நேரம் என்னும் பொருள்படப் பெயரிட்டு அழைத்தார். 24 மண்டலங்களுக்கும் ஆங்கில எழுத்துகளைப் பெயராகச் சூட்டினார். எண்ணும் எழுத்தும் இரண்டும் தெரியும்படி ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தையும் இலண்டனில் செய்வித்து வைத்துக்கொண்டார்.

எதிர்ப்பும் ஏற்பும்

நல்ல கருத்து என்றால் உலகம் உடனே ஏற்றுக்கொள்ளுமா? 1878இல் டப்ளின் நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் பேரவையில் தம் கட்டுரையைப் படிக்கச் சென்றார். படிக்க அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரியும் அவர் திட்டத்தை ஆதரிக்கவில்லை. தாம் உறுப்பினராக இருந்த கனடாக் கழகத்தில் 1879இல் தம் கட்டுரைகளைப் படித்தார். கனடாவின் தலைமை ஆளுநர் அவற்றைப் பிரிட்டிஷ் அரசுக்கு அனுப்பிவைக்க, அங்கிருந்து அவை பல நாட்டு அரசுகளுக்கும் சென்றன.

அடுத்த ஆண்டே பேரிடி ஒன்று விழுந்தது. பசிபிக் பாதைப் பணியில் செலவு மிகுந்தது, தாமதம் ஆனது என்று குறை கூறி, 1880இல் அரசு அவரைத் தலைமைப் பொறியாளர் பதவியிலிருந்து நீக்கியது. பலராக இருந்தால் ஒதுங்கியிருப்பார்கள். அவரோ முன்னிலும் ஊக்கமாக நேரப் பணியில் இறங்கினார். அதே 1880இல் கிங்ஸ்டன் நகரிலுள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகம் அவரைத் தன் வேந்தராகத் தேர்ந்தெடுத்தது. கல்லூரியில் பயிலாத ஒருவர் பல்கலைக்கழக வேந்தரானார். மறையும் வரை 35 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார்!

இந்த வெற்றிக்கு அவர் ஒருவரே காரணர் என்று கூறுவது மற்றவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். அமெரிக்காவில் சார்லஸ் டவுடு என்னும் ஆசிரியர் அவருக்கு முன்னரே நேர மண்டலங்களைப் பற்றி எழுதியிருந்தார். அங்குள்ள இரயில் நிறுவனங்களைப் பேசி இணங்கவைத்தவர் வில்லியம் ஆலன். 1883ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்க, கனடிய இரயில் நிறுவனங்கள் ஒரே நாளில் புதிய மண்டல நேரத்திற்கு மாறின. பல ஊர்களில் அன்று நண்பகல் இரு முறை வந்தது. பிளெமிங்கின் தனிச் சிறப்பு, ஒரு நாட்டோடு ஒரு கண்டத்தோடு நில்லாமல், உலகம் முழுமைக்கும் ஒரே கணக்கு வேண்டும் என்று ஓயாது வாதிட்டதே எனலாம்.

வாஷிங்டன் மாநாடு

1884ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 25 நாடுகளின் பேராளர்கள் கூடினார்கள். பிரிட்டிஷ் குழுவில் கனடாவின் சார்பில் பிளெமிங்கும், இந்தியாவின் சார்பில் தளபதி ரிச்சர்டு ஸ்ட்ரேச்சியும் அமர்ந்திருந்தார்கள். உலகத் தீர்க்கரேகைகளை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதே முதல் வினா.

எந்த நாட்டின் தன்மானமும் புண்படலாகாது என்று கருதிய பிளெமிங், கிரீன்விச்சுக்கு நேர் எதிரே, பசிபிக் கடல் நடுவே செல்லும் 180ஆம் பாகைக் கோட்டைத் தொடக்கமாகக் கொள்ளலாம் என்று வாதிட்டார். அது ஏற்கப்படவில்லை. இறுதியில் கிரீன்விச் கோட்டுக்கு 22 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. ஒரு நாடு எதிர்த்தது. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. உலகப் பொது நாள் ஒன்று வேண்டும், அது கிரீன்விச்சின் நள்ளிரவில் தொடங்க வேண்டும், 0 முதல் 24 மணி வரை எண்ணப்பட வேண்டும் என்ற தீர்மானங்களும் நிறைவேறின. பண்டோரன் நிலையத்து இரவின் பயன் எட்டு ஆண்டுகளில் உலகத் தீர்மானமாயிற்று!

ஆனால் அவர் விரும்பிய மற்றொன்று நடக்கவில்லை. மக்கள் தம் ஊர் நேரத்தை விட்டுவிட்டுப் பொது நேரத்தையே அன்றாட வாழ்விலும் பின்பற்ற வேண்டும் என்று அவர் எண்ணினார். மாநாடு ஊர் நேரங்களில் கை வைக்கவில்லை. மண்டலங்களை அமைப்பதையும் அந்தந்த நாட்டின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. சூரியன் உச்சியில் நிற்கும்போது கடிகாரம் 6 என்று காட்டினால் என் பாட்டி அதை ஏற்பாரா? உலகமும் ஏற்கவில்லை. கணக்கிற்கு ஒரே நேரம், வாழ்க்கைக்கு ஊர் நேரம் என்று இரண்டும் நிலைத்தன.

சென்னை நேரமும் என் 23 நிமிடங்களும்

இனி நம் நாட்டிற்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் ஒன்றைக் கட்டினார்கள். அங்கே கணிக்கப்பட்ட சென்னை நேரமே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்களின் பொது நேரமாக விளங்கியது. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் இடைப்பட்டதாக அது அமைந்தது ஒரு வசதி. கிரீன்விச்சைவிட அது 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. அதுவே 5 மணி 30 நிமிடம். பிளெமிங் அப்போது உயிருடன் இருந்தார். முழு மணிக் கணக்கில் அவர் வகுத்த மண்டலங்களில் அடங்காமல் நாம் அரை மணியில் நின்றுகொண்டோம். கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை முற்றிலும் விட்டுவிடவில்லை.

இந்த வரலாறு முழுவதும் இன்று கணிப்பொறிக்குள் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? உலக நாடுகள் எந்தெந்த ஆண்டில் எந்தெந்த நேரத்தைப் பின்பற்றின என்ற அட்டவணை ஒன்றை 1980களிலிருந்து ஆர்வலர்கள் தொகுத்து வருகிறார்கள். நம் கைப்பேசி முதல் பெரிய கணிப்பொறிகள் வரை அதனைப் பயன்படுத்துகின்றன. இந்தியாவுக்குரிய பகுதியின் பெயர் ஆசியா/கொல்கத்தா. அதன் முதல் வரி, பழைய கல்கத்தாவின் சூரிய நேரம்: 5 மணி 53 நிமிடம் 28 வினாடி. அதன் பின்னர் சென்னை நேரத்திற்கு ஒரு வரி: 5 மணி 21 நிமிடம் 10 வினாடி. பின்னர் 1906 முதல் 5 மணி 30 நிமிடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்ததற்கும் வரிகள் உண்டு.

நான் பயன்படுத்திய நேர நூலகத்தில், ஒரு தேதியோடு மண்டலத்தை இணைப்பதற்கு உரிய முறை ஒன்று இருந்தது. அந்தத் தேதிக்கு எந்த வரி பொருந்தும் என்று தேடி எடுப்பது அம்முறை. விளக்கக் குறிப்பிலும் அது சொல்லப்பட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. மண்டலத்தை நேரடியாக ஒட்டிவிட்டேன். அப்படி ஒட்டினால் அட்டவணையின் முதல் வரியே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே என் நிரல் காலை 10 மணியைப் பழைய கல்கத்தாவின் 10 மணி என்று எடுத்துக்கொண்டது. அதிலிருந்து 5 மணி 53 நிமிடம் கழித்தால் கிரீன்விச்சில் 4.07. அதனோடு இன்றைய 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் 9.37. ஐம்பத்து மூன்றிலிருந்து முப்பது போனால் இருபத்து மூன்று! என் முதலாண்டு நண்பர்களை வெளியே நிறுத்தியது பழைய கல்கத்தாவின் சூரியன்.

விடை கிடைத்த பின்தான் பேராசிரியர் ஏன் 23ஐக் கூட்ட விடவில்லை என்று புரிந்தது. கூட்டியிருந்தால் அன்றைய பிழை மறைந்திருக்கும். நாளை வேறொருவர் மண்டலத்தை முறைப்படி இணைக்கும்போது, நான் கூட்டிய 23 புதிய பிழையாக முளைத்திருக்கும். மரப் பாலம் வேண்டாம், இரும்புப் பாலம் வேண்டும் என்று பிளெமிங் வாதிட்டதும் இதற்காகத்தானே!

கணிப்பொறியில் பிளெமிங்கின் பாடம்

கணிப்பொறிக்கு நாள், கிழமை, மணி எதுவும் தெரியாது. பல கணிப்பொறிகள் 1970 ஜனவரி முதல் நாள் கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடிகள் கடந்தன என்று ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொள்கின்றன. நாளொன்றுக்கு 86,400 வினாடிகள். அந்த எண் எந்த ஊருக்கும் சொந்தமன்று. எல்லா ஊருக்கும் பொது. பூமியின் நடுவே பிளெமிங் கற்பனை செய்த கடிகாரம் இதுவல்லவா? நமக்குக் காட்டும்போது மட்டும் அந்த எண் சென்னையின் மணியாகவோ டொராண்டோவின் மணியாகவோ உடை மாற்றிக்கொள்கிறது.

எனவே நிரல் எழுதும் நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில. நடந்து முடிந்த நிகழ்ச்சியின் நேரத்தை உலகப் பொது நேரமாகச் சேமிக்க வேண்டும். காட்டும்போது மட்டும் ஊர் நேரமாக்க வேண்டும். வருங்கால நிகழ்ச்சியானால் ஊர் நேரத்தையும் மண்டலத்தின் பெயரையும் சேர்த்தே வைக்க வேண்டும். 5.30 என்ற எண் மட்டும் போதாது. ஏனெனில் அரசுகள் நேரத்தை மாற்றும். இலங்கையைப் பாருங்கள். 5 மணி 30 நிமிடமாக இருந்த அதன் நேரம் 1996 மே மாதத்தில் 6 மணி 30 நிமிடமாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் 6 மணியாயிற்று. 2006 ஏப்ரலில் மீண்டும் 5 மணி 30 நிமிடத்திற்கே திரும்பியது. எண்ணை மட்டும் எழுதி வைத்தவரின் கணக்கு மூன்று முறை பிழைத்திருக்கும். மண்டலத்தின் பெயரை எழுதி வைத்தவர் அட்டவணையைப் புதுப்பித்தாலே போதும்.

இன்னொன்று. அந்த வினாடிக் கணக்கை 32 இலக்க இருமை எண்ணாக வைத்துள்ள பழைய பொறிகளில், 2038 ஜனவரி 19ஆம் நாள் கிரீன்விச் நேரம் 3 மணி 14 நிமிடம் 7 வினாடிக்கு எண் நிரம்பிவிடும். அடுத்த வினாடியில் அவை 1901ஆம் ஆண்டிற்குத் திரும்பிவிடக் கூடும். புதிய பொறிகள் பெரும்பாலும் 64 இலக்கத்திற்கு மாறிவிட்டன. ஆனால் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பொறிகளைத் தேடித் திருத்தும் பணி, இன்று இவ்வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் நம் தலைமுறையின் கையில்தான் இருக்கிறது.

நிறைவு

பிளெமிங்கின் பிற்கால வாழ்வும் பணியிலேயே கழிந்தது. 1885 நவம்பர் 7ஆம் நாள் கனடிய பசிபிக் பாதையின் கடைசி ஆணி அறையப்பட்டபோது எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில், உயர்ந்த தொப்பியும் நீண்ட வெண்தாடியுமாக அவர் நிற்பதைக் காணலாம். தம்மைப் பதவியிலிருந்து நீக்கிய பாதையின் நிறைவு விழாவிற்கும் மனக்கசப்பின்றிச் சென்றார். 1888இல் மனைவியை இழந்தார். 1897இல் சர் பட்டம் பெற்றார். கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் கடலடித் தந்திக் கம்பியால் இணைக்க வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடி, 1902இல் அதுவும் நிறைவேறக் கண்டார். 1915ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் ஹாலிபாக்ஸ் நகரில் தம் 88ஆம் வயதில் மறைந்தார். ஒட்டாவா நகரின் பீச்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

நானும் என் நிரலைத் திருத்தினேன். அந்த நால்வரையும் தேடிச் சென்று, தவறு அவர்களுடையதன்று, என்னுடையது என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. இப்போது என் நிரலின் திரையில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. நிரல் நம்பிக்கொண்டிருக்கும் மணி இது. சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள், மாறுபட்டால் எங்களிடம் சொல்லுங்கள் என்பதே அவ்வரி. அடுத்த போட்டிக்கு அந்த நால்வரில் இருவர் பெயர் கொடுத்தார்கள்.

வண்டி தவறினால் தம்மையே நொந்துகொண்டு திரும்பிவிடாமல், அட்டவணையைக் கேள்வி கேட்டவர் பிளெமிங். அட்டவணை எழுதும் இடத்திற்கு இன்று நாம் வந்திருக்கிறோம். நிலையத்தில் காத்திருப்பவரை நினைத்து அதை எழுதுவோமாக!